கரையானுக்கு உப்பளத்தில் என்ன வேலை

இன்று காலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த டப்பாவின் மூடியைத் திறந்தேன். குப்பென்று கருவாட்டு வாசம். பிள்ளைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். நான் மட்டும் குனிந்து இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். உன் நினைப்பு வந்துவிட்டது. செத்துப்போனவளை நினைக்க வேறு வாசமே கிடைக்கவில்லையா என்று நீயே கேட்டுச் சிரிப்பாய். மல்லிகை, ஊதுபத்தி என்று ஊரில் எவ்வளவோ இருக்கிறது. நமக்கு வாய்த்தது இதுதான், என்ன செய்ய?

நாம் அன்றைக்குச் செய்ததைத்தான் இந்தப் பிள்ளைகளும் செய்கிறார்கள். பிளாஸ்டிக் டம்ளரை அதன் விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி மண்ணில் புதைப்பது, அதில் பாதிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிச் சோப்பு இரண்டு சொட்டு விடுவது, மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்ப்பது. அந்தப் பக்கமாக நடந்து போகிற எறும்பு, வண்டு, பூரான், சிலந்தி எதுவானாலும் உள்ளே விழுந்து கிடக்கும். அதைக் கொண்டுவந்து கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இன்னது என்று கண்டுபிடித்து, எந்த ஊரில் எந்த இடத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதிப் பாட்டிலில் போடவேண்டும். சீட்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை என்று பிள்ளைகளிடம் நான் தொண்டை கிழியக் கத்துவேன். இன்றைக்கும் கத்துகிறேன். அப்படிக் கத்துகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் உயிரியல் டீச்சர், நீ லேப் அசிஸ்டென்ட். ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. பிள்ளைகள் முன்னால் என்னை "டீச்சர்" என்பாய், அவர்கள் தலை மறைந்ததும் "ஏ புள்ள". நான் சாயல்குடிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். நீ தங்கச்சிமடத்தில் வள்ளத்துக்காரர் மகள். திருக்கை மீனை வாலைப் பிடித்துத் தூக்குகிறவள், முதல் நாள் ஒரு மரவட்டையைப் பார்த்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்றாயே! "மாதாவே, இதுக்கு எத்தன காலு!" என்று நீ அலறியதில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு நீ ஒரு வாரம் எனக்கு டீ போட்டுத் தரவில்லை.

ஆனால் ஒரே மாதத்தில் தேளைக் கிடுக்கியால் எடுத்துப் பாட்டிலில் போடுகிறவளாக ஆகிவிட்டாய். சீட்டு எழுதுவதுதான் உனக்கு வேடிக்கை. "எங்கப்பா கடல்ல மீனு பட்ட எடத்தப் பெத்த புள்ளைக்கிட்டகூடச் சொல்லமாட்டாரு. நீ என்னடான்னா ஒரு பூரானுக்கு ஊரு, தோப்பு, எத்தனாவது பன, கெழக்கயா மேக்கயான்னு எழுதச் சொல்ற. எங்க ஊருல இத எழுதுனா வலையத் தூக்கிட்டு அம்புட்டுப் பேரும் அங்கனயே போயிருவாக" என்பாய். சொல்லிக்கொண்டே முத்து முத்தாக எழுதுவாய். உன் கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகு. அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. திமிர்தான், வேறென்ன.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் முனீஸ்வரி இருந்தாள். வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் மகள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, எதையும் நம்பாத கண். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்யலாமா என்று அவளே வந்து கேட்டாள். மூன்று இடத்து மண்ணில் என்னென்ன நடமாடுகிறது என்று பார்க்கலாம் என்றேன். வாலிநோக்கம் உப்பளக் கரை, சாயல்குடிப் பனங்காடு, ராமேஸ்வரம் தீவுக் கடற்கரை. ஒவ்வொன்றிலும் பத்து டம்ளர். அவளும் நாலு பிள்ளைகளும் ஒரு மாதம் அதே வேலையாக அலைந்தார்கள். அவளுடைய அய்யா பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மனுஷன். மகள் எல்லார் முன்னாலும் நின்று பேசப்போகிறாள் என்று கண்காட்சியன்று லீவு சொல்லிவிட்டு வருவதாக இருந்தார். அவள் அதை என்னிடம் நாலைந்து தரம் சொல்லிவிட்டாள்.

உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான் சொன்னதுதான் முதல் வினை. வேறு ஊர்ப் பிள்ளைகள் என்றால் குடத்துத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்திருப்பார்கள். இவர்கள் உப்பளத்துப் பிள்ளைகள் ஆயிற்றே. பாத்தியில் உப்பு விளையப்போகிற நேரத்துக் கெட்டித் தண்ணீரைக் கேன் கேனாக மொண்டு மூன்று இடத்துக்கும் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலைக் கேட்கவேண்டுமா? மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் டம்ளருக்குள் தண்ணீரே இல்லை, உப்புதான் உறைந்து கிடந்தது. வண்டும் எறும்பும் அதற்குள் விறைத்துப்போய்க் கிடந்தன. எது கால், எது உப்பு என்று தெரியவில்லை. நீ ஒரு டம்ளரைத் தூக்கி மோந்து பார்த்தாய். "ஏ புள்ளைகளா, பூச்சி புடிக்கச் சொன்னா கருவாடுல்ல போட்டு வெச்சிருக்கீக!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உனக்கு வரவில்லை. "கருவாடுன்னா அப்பறம் என்ன, ஊறப்போட்டாச் சரியாயிரும். தேய்க்கக் கூடாது, கிளறக் கூடாது. ரெண்டு தண்ணி மாத்துனா உப்பு தன்னால எறங்கிரும்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாய். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம். லேப் மேசை முழுக்க முப்பது கிண்ணம் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளரைக் கொட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தோம். முனீஸ்வரி பென்சிலால் எழுதிய சீட்டுகளை எடுத்தபோது, "சீட்டத் தண்ணிக்குள்ளயே போட்ருவோமே, பென்சில் அழியாதுல்ல" என்றாய் நீ. அதெல்லாம் ஊறிப்போகும், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வை போதும் என்றேன் நான். டீச்சர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? முப்பது சீட்டும் முப்பது கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் வெயிலில் வந்த வேகத்தில் லேப்புக்குள் நுழைந்து, கையில் இருந்த நோட்டை வைக்கக்கூட இல்லை, ஃபேன் சுவிட்சைத் தட்டினேன். அவ்வளவுதான். முப்பது சீட்டும் எழும்பிப் பறந்தன. ஃபேனை நிறுத்துவதற்குள் தரையெல்லாம் சீட்டு, இரண்டு சீட்டு ஜன்னலுக்கு வெளியே.

அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சீட்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை என்று வருஷம் முழுக்கக் கத்தியவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? கதவைச் சாத்திக்கொண்டு நானே சீட்டு வைக்க ஆரம்பித்தேன். ஈர மணலில் துள்ளுகிற மணல்தத்தியா, கடற்கரை. புலிவண்டா, உப்பளம். தெரிந்ததைத் தெரிந்தபடி வைத்தேன். பாதிக்கு மேல் தெரியவில்லை. மணி அடிக்கிற நேரம் நெருங்க நெருங்க, கைக்கு வந்த சீட்டைக் கண்ணில் பட்ட கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனேன். ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ ஊறிக் கிடந்தது. என்னவென்று குனிந்து பார்க்கவில்லை. வாலிநோக்கம் சீட்டு மிச்சமிருந்தது, அதை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் லென்ஸோடு உட்கார்ந்த முனீஸ்வரி அந்தக் கிண்ணத்தில்தான் வந்து நின்றாள். "டீச்சர், இது கரையான் டீச்சர். வாலிநோக்கம்னு போட்ருக்கு."

"ஆமா, அதுக்கென்ன?"

"எங்க ஊரு உப்பளத்துலயா? எங்கய்யா விடிஞ்சா பொழுதானா அங்கனதான் கெடக்காரு. நானும் போயிருக்கேன். அந்த உப்பு மண்ணுல கரையானே கெடையாது டீச்சர். கரையானுக்கு அங்கன என்ன வேலை?"

எனக்கு வந்ததே கோபம்! பயத்துக்குக் கோபம் என்று பேர் வைத்துக்கொண்டு கத்தினேன். "நீ என்ன பெரிய விஞ்ஞானியா? சீட்டுல இருக்கிறத நோட்ல எழுது. இல்லேன்னா வேற யாரையாவது கண்காட்சிக்கு அனுப்பிருவேன்." அந்தப் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. பென்சிலை எடுத்தாள். எழுதவும் ஆரம்பித்தாள். அதுதான் இன்னும் என்னை அறுக்கிறது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு நான் சொன்னதை எழுதினாள்.

பாட்டில் கழுவிக்கொண்டிருந்த நீ கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாய். என் முகத்தை ஒரு நொடி பார்த்தாய். ஜன்னலுக்கு வெளியே ஒரு சீட்டு கிடப்பதை நீ முன்னமே பார்த்திருந்தாய் என்று பிறகு சொன்னாய்.

"எழுதாத முனீசு. நீ சொல்றதுதான் சரி" என்றாய். "மத்தியானம் நான்தான் ஃபேனப் போட்டுட்டேன். சீட்டெல்லாம் பறந்துபோச்சு. பயந்துக்கிட்டு நானாப் பொறக்கி எங்கிட்டோ வெச்சுட்டேன். டீச்சருக்குத் தெரியாது."

நான் வாயைத் திறக்கவில்லை. நீ அவ்வளவு நேரம் கொடுத்தாய், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாய். நான் திறக்கவில்லை.

முனீஸ்வரி தேம்பித் தேம்பி அழுதாள். "ஒரு மாசம் அலஞ்சேன்க்கா, இப்புடிப் பண்ணிட்டீகளே" என்று உன்னைப் பார்த்துக் கத்தினாள். நீ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். பிறகு அவளை உட்காரவைத்துச் சொன்னாய்: "தெரிஞ்சதுக்கு ஊர எழுது. தெரியாததுக்கு, எடம் தெரியாதுன்னு எழுது. அதுல ஒண்ணும் மானம் போயிராது." நிச்சயமாகத் தெரிந்தவை பதிமூன்று. மீதி எல்லாவற்றுக்கும் இடம் தெரியாது என்றே அவள் எழுதினாள்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் கேட்காமல் விடுவாரா? பாதிக்கு மேல் இடம் தெரியாது என்று இருக்கிறதே, ஏன் என்றார். முனீஸ்வரியின் அய்யா வெளுத்துத் துவைத்த வேட்டியோடு ஓரமாக நின்றிருந்தார். அவள் நிமிர்ந்து சொன்னாள், "எங்க லேப் அக்கா ஃபேனப் போட்டுட்டாங்க சார்." கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் அய்யா மட்டும் சிரிக்காமல் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாய். உன் பக்கத்தில் நான் சேலை மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டிருந்தேன். பரிசும் இல்லை, ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் பேச்செடுத்தேன். எதற்காக எனக்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ நிலக்கடலையை உரித்துக்கொண்டே சொன்னாய். "ஒனக்காகவா? நல்லாத்தான் நெனச்ச. அந்தப் புள்ள சந்தேகப்பட்டுச்சுல்ல? அது சரிதான்னு யாராச்சும் அப்பவே சொல்லணும்ல. ரெண்டு நாளு கழிச்சுச் சொன்னா பிரயோசனமில்ல. அதுக்குள்ள, நம்ம கண்ணுதான் தப்பு போலன்னு நெனச்சுரும். நீ சொல்லமாட்ட, ஒம் மொகத்துலயே தெரிஞ்சுச்சு. நான் சொன்னேன்." பிறகு தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, "இந்தா, கடல தின்னு. அழுவாத, பஸ்ல எல்லாரும் பாக்குறாக" என்றாய்.

மூன்று மாதம் முனீஸ்வரி உன்னிடம் பேசவில்லை. பிள்ளைகள் உனக்கு ஃபேன் அக்கா என்று பேர் வைத்தார்கள். வெயில் காலத்தில் லேப்புக்கு வந்தால் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அக்கா, போடவா, போடவா?" என்று கேலி செய்வார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஒருநாள், ஒரே ஒருநாள், எல்லாரும் போன பிறகு, "இந்தப் பேருதான் எனக்குன்னு ஆயிருச்சு, என்ன" என்று பாட்டிலைக் கழுவிக்கொண்டே சொன்னாய். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பாவி நான்.

ஆனால் நீ நினைத்தது நடந்தது. முனீஸ்வரி பூச்சியை விடவில்லை. கோபத்தோடே மறுபடியும் டம்ளர் புதைத்தாள். அதற்கப்புறம் நான் சொல்வதையும் சோதித்துப் பார்த்துத்தான் எழுதுவாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விலங்கியல் படிக்கப் போனாள். இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுக்கிறாள்.

போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, கை கால் எல்லாம் வீங்கி, முகம் மட்டும் பழைய முகமாக இருந்தாய். "முனீஸ்வரிகிட்டச் சொல்லிரவா?" என்று கேட்டேன். "சொல்றதா இருந்தா சொல்லிருப்ப. எங்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றாய். வைகிறாயோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாய். அடுத்த மாதமே போய்விட்டாய்.

போன வாரம் அவள் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைகளோடு பேசச் சொல்லி நான்தான் அழைத்திருந்தேன். நன்றாகப் பேசினாள். கால்களை எப்படி எண்ணுவது, வண்டின் உணர்கொம்பை எப்படிப் பார்ப்பது எல்லாம் சொன்னாள். பிறகு சீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "இங்கன ஒரு லேப் அக்கா இருந்தாங்க" என்று ஆரம்பித்தாள். ஃபேன் கதை முழுக்கச் சொன்னாள். மனதில் இப்போது வஞ்சம் ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சின்னவள் கேட்டாள், "அந்த அக்கா இப்ப எங்க மேடம்?" "எறந்துட்டாங்கம்மா, போன வருஷம்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த லேப்பில் நீ கழுவிய பாட்டில் எத்தனை, எழுதிய சீட்டு எத்தனை. இந்தப் பிள்ளைகளுக்கு உன்னைப் பற்றி எஞ்சப்போவது இது ஒன்றுதானா? நான் செய்த தப்பு உன் பேரிலா நிற்கவேண்டும்?

எழுந்து நின்றேன். "ஃபேனப் போட்டது அவங்க இல்ல. நான்" என்றேன். "சீட்ட மாத்தி வெச்சதும் நான்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. முனீஸ்வரி என்னையே பார்த்தாள். அதே நம்பாத கண். "கரையானப் பத்தி நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னையத் திட்டுனீங்களா?"

"ஆமா."

அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். பிள்ளைகளிடம் மீதிப் பாடத்தை முடித்தாள், ஒரு வரி விடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது உன்னை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேட்டாள். தங்கச்சிமடத்துக் கல்லறைத் தோட்டத்தில் என்றேன். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வரவேணாம் டீச்சர். நான் தனியாப் போறேன்" என்று சொல்லிவிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறிப்போய்விட்டாள். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். "போயிட்டு வந்தேன் டீச்சர்" என்றாள். "மூணு மாசம் அவங்ககூடப் பேசாம இருந்தேன்ல. அத்தனையும் அங்கன ஒக்காந்து பேசிட்டு வந்தேன். ஒங்களையும் நல்லாத் திட்டிட்டு வந்தேன்." திட்டட்டும். நீ கேட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு சேத்துத் திட்டு" என்றிருப்பாய்.

உன்னைப் போல மனசு எனக்கு வராது, புள்ள. பிள்ளைகள் எதிர்த்துச் சொன்னால் எனக்கு வருகிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நான் எறும்பு என்று சொல்லி எழுதவைத்த ஒன்றை லென்ஸில் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எறும்பு இல்ல, எனக்கு எட்டுக் கால் தெரியுது" என்றாள். சுள்ளென்று ஏறியது எனக்கு. வகுப்பே என்னைப் பார்த்தது. லென்ஸை வாங்கி நானே எண்ணினேன். எட்டு. எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. "நீ சொல்றதுதான்டி சரி. நான் சொன்னது தப்பு" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்கவில்லை. அப்பவே சொன்னேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.